ஏறி வந்த தண்ணீரைக் குழியில் விழவிட்டு மறுபடி ஏற்றுகிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில் ஒரு சிற்றூர் எங்களுடையது. கிழக்கே பார்த்தால் தென்காசி, மேற்கே மலை ஏறி இறங்கினால் கேரளத்து ஆரியங்காவு. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. கீழே நானும் என் மாமியாரும். மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம், நாலு பேர், வாடகைக்கு இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் தரைக்கடியில் ஒரே சம்புத் தொட்டி, ஒரே மோட்டார், மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று. மாடிக்குத் தனி மீட்டர் உண்டு. ஆனால் மோட்டார் ஓடுவது என் மீட்டரில்.

போன கோடையில் வந்த கரண்டு பில்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் வாக்கில் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் திடீரென்று 532 யூனிட். பணமாகப் பார்த்தால் ஆயிரத்து நூறு ரூபாய் வாக்கில் கட்டியவள் இரண்டாயிரத்து முந்நூறு வாக்கில் கட்ட வேண்டியதாகிவிட்டது. யூனிட் ஒன்றரை மடங்கு கூட ஆகவில்லை, பணம் இரண்டு மடங்கு. காரணம் 500 என்ற அந்தக் கோடு. அப்போது நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், 500-க்குள் இருந்தால் அடுத்த 100 பாதி விலைக்குக் கிடைத்தது. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தப் பாதி விலை போய்விடும். 500-க்கு மேல் வருகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். ஒரு ஜாக்கெட்டுக்கு நான் வாங்கும் கூலியை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த அதிகப்படிப் பணத்துக்கு எத்தனை ராத்திரி கண் விழிக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

பார்த்தவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். பிரிட்ஜ் பழசு என்றார்கள், மீட்டர் கோளாறு என்றார்கள். மாடியில் ஆள் அதிகம், அவர்களிடம் மோட்டார் காசு தனியாக வாங்கு என்றார்கள். நானும் அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாத்தியார் வீட்டு அம்மாவிடம் மாதம் 300 ரூபாய் கூடக் கேட்டுவிட்டேன். "நாங்க அப்படி என்ன தண்ணி செலவழிச்சிட்டோம் அக்கா?" என்று அவள் முகம் வாடிப்போனது. நாலு வருடமாக ஒரே வீடாகப் புழங்கியவர்கள் நாங்கள். நான் கேட்டது தவறு என்பது பிறகுதான் தெரிந்தது.

வழியைக் காட்டியது என் மாமியார். அவர்கள் படுக்கை சம்பு மூடிக்குப் பக்கத்து ஜன்னலோரம். "எப்பப் பாத்தாலும் அந்த மோட்டாரு உறுமிக்கிட்டே கெடக்கு" என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மிஷின் சத்தத்தில் என் காதில் அது விழவில்லை. அன்றிலிருந்து தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் எழுதினேன். மாடியிலிருந்து யார் போட்டாலும் குரல் கொடுக்கச் சொன்னேன். எட்டு நாள் எழுதிக் கூட்டினால் ஒரு நாளைக்கு 150 நிமிடத்துக்குக் குறையவில்லை. 170 வரைக்கும் போன நாளும் உண்டு. இதே மோட்டார் புதிதில் இதே தொட்டியை அரை மணிக்குள் நிரப்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது எவ்வளவு கரண்டு தின்கிறது என்று பார்க்க வாத்தியார் மகன்தான் உதவினான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். எங்கள் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னும், அதன் பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். அந்த விளக்கு 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜைக் கூடப் பிடுங்கிவிட்டு, மோட்டாரை மட்டும் போட்டோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவன் விரல் விட்டு எண்ணினான். ஒரு நிமிடத்துக்கு 58 மின்னல். மூன்று தடவை எண்ணியும் 58, 58, 59. மணிக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். மோட்டாரின் மேல் 1 ஹெச்.பி. என்று போட்டிருக்கிறது. 1 ஹெச்.பி. என்றால் 746 வாட் என்று பாடத்தில் படிப்பார்கள். அது மோட்டார் சுழற்றித் தருகிற பலம். கம்பியிலிருந்து அது எடுக்கிற கரண்டு அதைவிடக் கூடத்தான் இருக்கும். சூடாகப் போவதும் நம் பில்லில்தான் ஏறுகிறது. நாளைக்கு 160 நிமிடம் என்று வைத்தால் 2.9 யூனிட், 60 நாளைக்கு 174 யூனிட். கூடுதலாக ஏறிய 150 யூனிட்டும் எங்கே போனது என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துவிட்டது.

மறுநாள் மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். கீழே மோட்டார் முழு வேகத்தில் கத்துகிறது. மேலே குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்தில், விட்டுவிட்டு, இடையிடையே காற்றைத் துப்பிக்கொண்டு வருகிறது. ஒரு அங்குலக் குழாய் அது, நிறைந்து கொட்ட வேண்டும்.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தவுடனே, "மோட்டாருக்கு ஒண்ணும் இல்லக்கா, ஃபுட் வால்வு நிக்கல" என்றான். சம்புக்குள் இறங்கியிருக்கும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு அது. தண்ணீரை மேலே விடும், கீழே திரும்ப விடாது. அது சரியாக மூடினால்தான் மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் தண்ணீர் நிற்கும். நிற்காவிட்டால் அடுத்த தடவை போடும்போது மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம், கால் மணி நேரம் சும்மா சுற்றும். மீட்டருக்கு அது காற்றா தண்ணீரா என்று தெரியாது. அவன் சம்புக்குள் இறங்கவில்லை. மூடியைத் திறந்து போட்டுவிட்டு, குழாயை இணைக்கும் யூனியனைக் கழற்றிக் குழாயை மேலே உருவினான். இதை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன்: நாள்கணக்கில் மூடிக் கிடக்கும் சம்புக்குள் காற்றோட்டம் இருக்காது. கழுவ இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றிய செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வருகிறது. மெக்கானிக்கை அவசரப்படுத்தி யாரும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள்.

வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தான். உள்ளே இருக்கும் ரப்பர் மடிப்பில், பிளம்பர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டேப் ஒரு விரல்நீளம் சுருண்டு மாட்டியிருந்தது. அதில் மணல் ஒட்டி ரப்பரை முழுதாக மூடவிடாமல் பிடித்திருக்கிறது. இவ்வளவுதான். புது வால்வு 240 ரூபாய், கூலி 400. கையோடு இன்னொன்றும் பார்த்தான். தொட்டிக்குள் நுழையும் இடத்தில் முன்பு யாரோ ஒரு அங்குலக் குழாயை அரை அங்குலமாகக் குறுக்கி வைத்திருந்தார்கள். அதையும் மாற்றினோம். மாடி வீட்டுக் கழிப்பறையில் ஃபிளஷ் தொட்டியின் மிதவை நிற்காமல் ராத்திரி பகலாகச் சத்தமில்லாமல் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தது வாத்தியார் வீட்டு அம்மாவேதான். பழைய நாளில் துணிக்குப் போடும் நீலத்தில் நாலு சொட்டை ஃபிளஷ் தொட்டிக்குள் விட்டுவிட்டு, கால் மணி கழித்துப் பீங்கானில் நீலம் இறங்குவதைப் பார்த்திருக்கிறாள். நாளைக்கு ஒரு முழுத் தொட்டி அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நாங்கள் சமைத்ததும் குளித்ததும் துவைத்ததும் மிச்சம் ஒரு தொட்டிதான்.

இப்போது தொட்டி 24 நிமிடத்தில் நிறைகிறது. நாளைக்கு ஒரு தடவை போட்டால் போதும். 60 நாளைக்கு மோட்டாருக்கு 26 யூனிட்தான். அடுத்த பில் 371 யூனிட்டில் வந்தது. நான் மாடிக்கு ஏறிப்போய், 300 ரூபாய் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுமை. அங்கே மோட்டார் பொது இணைப்பில் ஓடும், அதற்கு இலவச யூனிட் கிடையாது. 2022-இல் அதை யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். 2023-இல் 10 வீட்டுக்கும் 3 மாடிக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். ஒரு வால்வு நிற்காமல் போனால் அங்கே எத்தனை வீட்டுக்குள் சண்டை வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

என் தங்கை புனலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை இந்தப் பக்கம் வந்தது. உறவுக்கு அந்தக் கோடு கிடையாது, இன்னும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறோம். அங்கே எல்லாருக்கும் 100 யூனிட் இலவசம் என்பது இல்லை. அதனாலேயே அவர்கள் மோட்டாரைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். அவள் வீட்டில் திறந்த கிணறு. மேடம் மாதம், அதாவது நம் சித்திரையில், தண்ணீர் கீழே போய்விட்டால் மேலே நிற்கிற மோட்டார் இழுக்காது. எவ்வளவு பெரிய மோட்டாரானாலும் தனக்குக் கீழே 25 அடிக்கு மேல் உறிஞ்சத் திணறும், ஏனென்றால் தண்ணீரைத் தள்ளிவிடுவது வெளிக்காற்றின் பாரம்தான். "வெள்ளம் கேறுன்னில்லா" (தண்ணீர் ஏறவில்லை) என்று பக்கத்து வீட்டுச் சேச்சி சத்தம் போட்ட அன்றே, கிணற்றுக்குள் பலகை அடித்து மோட்டாரைப் பத்தடி இறக்கிவிடுவார்கள். நான் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டதை அவளிடம் சொன்னபோது, "அக்கா, தண்ணி விழுற சத்தத்தக் கேட்டாலே தெரியுமே" என்றாள்.

இதுவரை சொன்னது என் வீட்டுக் கோளாறு. இனிச் சொல்வது எங்கள் தெருவின் கதை. உங்கள் பத்திரிகை படிக்கும் பல ஊர்களுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன்.

வாத்தியார் ஒரு நாள் காகிதத்தில் போட்டுக் காட்டினார். 1,000 லிட்டர் என்பது 1,000 கிலோ. அதை 35 அடி தூக்க உண்மையில் தேவைப்படும் வேலை ஒரு யூனிட்டில் 35-இல் ஒரு பங்குதான். பழுது நீக்கிய பிறகும் என் மோட்டார் அதைப்போல 15 மடங்கு எடுக்கிறது. சின்ன மோட்டார்களின் லட்சணம் அப்படி. அதிலும் என்னுடையது 100 அடிக்கு மேல் தள்ளும் வகை, கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டியது. இரண்டு மாடிக்கு அரை ஹெச்.பி. சென்ட்ரிஃபியூகல் போதும், அடுத்த தடவை அதையே போடலாம் என்று மெக்கானிக் சொல்கிறான். சரி. ஆனால் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி வந்தது. ஊர்க் கோடியில் தென்னை உயரத்துக்கு மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. பொதுப் பணத்தில், பெரிய மோட்டாரில், தண்ணீரை அங்கே ஒரு தடவை ஏற்றிவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து இறங்கி வருகிற தண்ணீரை நாம் தரைக்குக் கீழே ஆறடிக் குழியில் விழவிடுகிறோம். விழுந்த நொடியில் அந்த உயரமெல்லாம் போச்சு. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி மோட்டார் போட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றுகிறோம்.

தெருக்குழாய்த் தண்ணீருக்கு ஏறும் சக்தி இருக்கிறதா என்று நானே பார்த்தேன். என் கொழுந்தனார் கொத்தனார். மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான டியூபை வாங்கி, வாசல் குழாயில் கிளாம்ப் போட்டு மாட்டி, சுவரோரம் நேராகத் தூக்கிக் கட்டினேன். எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு நாள், விடியற்காலம் நாலரை வாக்கில் தண்ணீர் வரும். அன்று 4.40-க்கு டியூபில் தண்ணீர் கிடுகிடுவென்று ஏறி ஜன்னல் சன்ஷேடைத் தாண்டி 13 அடிக்கு மேல் போய் நின்றது. எந்த மோட்டாரும் இல்லாமல்! டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓட்டு வீட்டுக் கூரை உயரத்துக்குத் தண்ணீர் தானாக ஏறி நிற்கிறது. 5.15-க்கு அது ஆறடிக்கு இறங்கியது. ஒவ்வொரு வாசலிலும் மோட்டார் சத்தம் ஆரம்பித்துவிட்டது. 5.40-க்கு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. டியூபைக் கழற்றிக் குழாய் வாயில் கட்டை விரலை வைத்தால், குழாய் என் விரலை உள்ளே இழுக்கிறது.

சம்புக்கு மோட்டார் வேறு, தெருக்குழாயிலேயே நேராக மாட்டி உறிஞ்சும் மோட்டார் வேறு. இரண்டாவது கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நடக்கிறது. ஒருவர் உறிஞ்சினால் அடுத்தவருக்கு வராது, அதனால் அவரும் மாட்டுகிறார். மாட்ட வசதியில்லாதவர்கள் வாசலில் மூன்றடிக் குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, குழிக்குள் குடம் இறக்கிப் பிடிக்கிறார்கள். எங்கள் தெருக் கடைசியில் 70 வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி அந்தக் குழிக்குள் இறங்கித்தான் குடம் தூக்குகிறார்கள். குழாய் உறிஞ்சும்போது வெறும் காற்றை மட்டும் இழுக்காது. சாக்கடையோரம் விரிசல் விட்ட இடம் இருந்தால் அந்தத் தண்ணீரையும் இழுக்கும். ஒரு வீட்டுக்காரரின் கரண்டுச் செலவு என்று மட்டும் இதை விட முடியாது.

இதற்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன். பின்பக்கம் துவைகல்லுக்குப் பக்கத்தில் மூன்றடி மேடை கட்டி, 500 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, தெருக்குழாயிலிருந்து மிதவை வால்வு போட்டு நேராக அதற்கு இணைத்தேன். மோட்டார் கிடையாது. 4.30-இலிருந்து 5.15-க்குள் அது நிறைந்துவிடுகிறது, மீதி சம்புக்குப் போகிறது. பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, செடிக்கு ஊற்றுவது எல்லாம் அதிலிருந்துதான். கீழ்வீட்டு அடுக்களைக்கும் ஒரு குழாய் இழுத்திருக்கிறேன். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆறு பேருக்கு அது 330 லிட்டர். தினமும் சீராக வந்தால் அவ்வளவையும் இந்தச் சின்னத் தொட்டியே தாங்கும். இப்போது மேல்தொட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒரு தடவை மோட்டார் போட்டால் போதுமானதாக இருக்கிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பத்தாயிரம் லிட்டர், இருபதாயிரம் லிட்டர் என்று சம்பு தோண்டும்போதே, தரை மட்டத்துக்குச் சற்று மேல் இப்படி ஒரு தொட்டிக்கும் இடம் விடச் சொல்லி எஞ்சினியரிடம் கேளுங்கள்.

தண்ணீர் விடும் பொறுப்பில் இருப்பவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாக நான் கேட்பது இதுதான். ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு மணி நேரம் விடுவதை, தினமும் ஒரு மணி நேரமாக, இன்ன தெருவுக்கு இன்ன நேரம் என்று பலகை எழுதி வைத்து விடுங்கள். அடுத்த தடவை வருமா என்ற உறுதி இல்லாததால்தான் வந்த அன்றே முழுதும் உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்ற பதற்றம் வருகிறது. சம்பும் பெரிதாகிறது, மோட்டாரும் பெரிதாகிறது. தெருக்குழாயில் நேராக மாட்டிய மோட்டார்களை, யார் வீடு என்று பார்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் தெருக் கடைசிக் குழாயில் தண்ணீர் எத்தனை அடி ஏறுகிறது என்று ஊரார் முன்னால் அளந்து காட்டுங்கள். மாட்டியிருப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்த பிறகு தாங்களே கழற்றிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கும் கரண்டு பில் வருகிறதே.

அளப்பதற்கு டியூப் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கொழுந்தனார் அதை எனக்கே கொடுத்துவிட்டார். வாசல் ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கிறேன், கிளாம்பும் அதிலேயே தொங்குகிறது. எந்தத் தெருக்காரர் வந்து கேட்டாலும் கொடுப்பேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் வாசகி,
செங்கோட்டை வட்டம், தென்காசி மாவட்டம்.